காலில் எரியும் காணாத் தீ

மீஞ்சூரில் நம் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஒரு தமிழாசிரியர் இருக்கிறார். அவர் ஓய்வு பெற்றுப் பத்து வருஷங்களுக்கு மேலாகிறது. இரவில் கும்மிடிப்பூண்டி ரயில்களின் ஓசை அடங்கி, தெருவெல்லாம் உறங்கிய பிறகும், அவர் மட்டும் திண்ணையில் விழித்திருப்பார். இரண்டு பாதங்களின்மேலும் ஈரத் துண்டு கிடக்கும். கையில் பனையோலை விசிறி. அதைக் கொண்டு அவர் விசிறுவது முகத்துக்கு அன்று, காலுக்கு!

"தம்பி, கொள்ளிக்கட்டையை எடுத்து உள்ளங்காலில் தேய்க்கிறாற்போல் இருக்கிறது. போர்வை பட்டால்கூட முள் குத்துகிறது. தொட்டுத்தான் பாருங்களேன்" என்றார் ஒரு நாள்.

தொட்டுப் பார்த்தோம். கால் சில்லென்று குளிர்ந்திருந்தது. சிவப்பில்லை, வீக்கமில்லை, ஒரு கீறலும் இல்லை. வீட்டாரோ, "வயசானால் இப்படித்தான்" என்று சொல்லி விட்டார்கள். "தாத்தாவுக்குத் தூக்கம் வரவில்லை; அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது" என்று பேரப்பிள்ளை வேடிக்கை பேசினான். நாமும் நம் பங்குக்கு ஒரு யோசனை சொன்னோம். வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு, அதில் சற்று நேரம் காலை வைத்திருந்தால் இதமாயிருக்கும் என்றோம். எத்தனையோ வீடுகளில் காலங்காலமாய்ச் சொல்லி வருகிற யோசனைதானே!

அன்றிரவு மருமகள் வெந்நீர் கொண்டு வந்தாள். அவர் காலை வைத்தார். "என்னம்மா, சூடே இல்லையே! இன்னும் கொஞ்சம் ஊற்று" என்றார். அவளும் ஊற்றினாள். பொழுது விடிந்தபோது இரண்டு பாதங்களிலும் கொப்புளம். பெருவிரல் புண்ணாகி, ஆறுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விரலை எடுத்துவிட நேருமோ என்று வீடே கலங்கியது. நாம் சொன்ன யோசனையை நினைத்து நினைத்து நாமும் வெட்கினோம்.

இல்லாத நெருப்பு அவரைச் சுட்டது. இருந்த நெருப்பு சுடவில்லை. ஒரே காலில் இந்த இரண்டும் எப்படிக் கூடும்? இந்தக் கேள்விதான் நம்மைப் புத்தகங்களிடமும் வைத்தியர்களிடமும் விரட்டியது. அங்கே அறிந்ததை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவற்காரனுக்குப் பித்துப் பிடித்தால்

வலி என்பது உடம்புக்கு ஆண்டவன் அமர்த்திய காவற்காரன் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. முள் தைத்தால் அவன் கூக்குரலிடுகிறான். நாம் காலை எடுத்துக் கொள்கிறோம். இந்தக் காவலனுடைய அருமை அவன் இல்லாதபோதுதான் தெரியும். வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு 1946-ம் வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்டு என்ற சத்திர வைத்தியர் குஷ்ட ரோகிகளின் கை கால்களை ஆராய்ந்தார். அவர்களுடைய விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். உணர்ச்சி அற்றுப் போனதனால், சூடும் காயமும் தெரியாமல், அன்றாட வேலைகளிலேயே விரல்கள் சிதைந்து போகின்றன என்று அவர் எடுத்துக் காட்டினார். வலி இல்லாமையே அங்கே பெரிய ஆபத்தாயிருந்தது.

நீரிழிவு என்கிற சர்க்கரை வியாதியிலும் இதே போன்ற விபரீதம் நேர்கிறது. காலின் உணர்ச்சி நரம்புகளுடைய தாய் அணுக்கள் காலில் இல்லை. முதுகெலும்பின் இரு பக்கத்திலும் சிறு முடிச்சுகளாய் அவை அமர்ந்திருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் மெல்லிய இழை, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் ஓடிக் கால் விரல் நுனியில் முடிகிறது. உடம்பிலேயே மிக நீண்ட நரம்பு இழைகள் இவை. இரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காய் மிகுந்திருந்தால், இழைகளும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நலிகின்றன. வழி நீளமானதால் கடைக்கோடிக்குத்தான் முதலில் கஷ்டம். ஆகவேதான் நோய் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டாற்போல் மேலே ஏறுகிறது.

ரயில் பாதையருகே வாழ்கிற நமக்கு இதை விளக்குவது சுலபம். தொலைவிலுள்ள சிக்னலுக்குப் போகிற கம்பி பழுதுபட்டதாக வைத்துக் கொள்வோம். சில இழைகள் அற்றுப் போனதால், மெய்யாகவே வண்டி வந்தாலும் நிலையத்துக்குச் செய்தி வராது. மற்றச் சில இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து, வராத வண்டி வந்ததாக ஓயாமல் மணியடிக்கும். நம் தமிழாசிரியரின் காலில் நடந்ததும் இதுவே. அறுந்த இழைகள் வெந்நீரைச் சொல்லவில்லை. கெட்ட இழைகள் இல்லாத கொள்ளியைச் சொல்லிக் கொண்டேயிருந்தன. காவலர்களில் பாதிப்பேர் உறங்கிவிட்டார்கள். மீதிப்பேருக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

அவர் சாக்குச் சொல்லவில்லை. காலில் ஒன்றும் காணவில்லையென்றாலும், வலி முழுக்க முழுக்க மெய்.

ஏடும் சிற்றோலையும்

காவலனுக்குப் பித்துப் பிடிப்பானேன்? இதற்கு விடை தேடிப் போன விஞ்ஞானிகள், யாரும் எதிர்பாராத ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

உடம்பின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஒரு மூல ஏடு இருக்கிறது. நாம் பரம்பரையாகப் பெற்ற ஜீன்கள் என்னும் அத்தியாயங்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு புரதம் வேண்டுமானால், அணு அதற்குரிய அத்தியாயத்தை மட்டும் பிரதி எடுக்கிறது. அந்தப் பிரதிக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். அது பட்டறைக்குப் போகிறது. அங்கே அதைப் படித்துப் புரதத்தைச் செய்கிறார்கள். இவ்வளவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

1993-ம் வருஷம் அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ், காரி ருவ்கன் என்ற இரு விஞ்ஞானிகளும் அவர்களுடைய சகாக்களும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவை ஆராய்ந்து வந்தார்கள். அந்தப் புழுவின் அணுக்களில் 22 எழுத்துக்களே கொண்ட ஒரு குட்டி ஆர்.என்.ஏ.யைக் கண்டார்கள். அதிலிருந்து எந்தப் புரதமும் உண்டாகவில்லை. அது வேறொரு பெரிய பிரதியின் ஓரத்தில் போய் ஒட்டிக் கொண்டது. ஒட்டியதும் அந்தப் பிரதியைப் படிப்பது தடைப்பட்டது. ஆசிரியர் எழுதிய பாடத்தின்மேல், "இதை இப்போது படிக்க வேண்டாம்" என்று யாரோ ஒரு சீட்டு ஒட்டியதைப் போல!

இது புழுவுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்றே உலகம் வெகுநாள் எண்ணியிருந்தது. 2000-ம் வருஷத்தில் ருவ்கனுடைய கோஷ்டியார் கண்ட இன்னொரு சீட்டு, மனிதன் உள்பட எத்தனையோ பிராணிகளிடம் இருப்பதாகத் தெரிந்த பிறகுதான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்று மனித உடம்பிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் உண்டென்று அறிந்திருக்கிறோம். ஆம்ப்ரோஸுக்கும் ருவ்கனுக்கும் 2024-ம் வருஷம் வைத்தியத் துறையின் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

இவற்றுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. நம் வசதிக்காக இந்தக் கட்டுரையில் 'சிற்றோலை' என்றே அழைப்போம். சிற்றோலையின் குணங்கள் இரண்டை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, அது எதையும் ஆக்குவதில்லை, அடக்குகிறது. இரண்டாவது, ஒரே சிற்றோலை பல பிரதிகளை அடக்க வல்லது. ஊர்ப் பெரியவர் ஒருவர் அதட்டினால் தெருவிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் அடங்குவதில்லையா? அந்தப் பெரியவர் வெளியூர் போய்விட்டால் தெரு என்னவாகும்?

பெரியவர் வெளியூர் போனபோது

நரம்பு வலியில் நடப்பது ஏறக்குறைய இதுவே. ஜப்பானியத் தலைநகரான டோக்கியோவில் உள்ள நிப்பான் வைத்தியக் கல்லூரியார் 2013-ம் வருஷம் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். எலிகளின் நரம்பைக் காயப்படுத்தி நெடுநாள் வலியை உண்டாக்கியபோது, முதுகெலும்போர முடிச்சிலுள்ள அணுக்களில் '7ஏ' என்ற சிற்றோலை குறைந்து போயிற்று. உடனே, அது அடக்கி வைத்திருந்த ஒரு புரதம் தலைதூக்கியது. நரம்பின் மின்சார வாயில்களில் ஒன்றோடு சேர்ந்து வேலை செய்கிற புரதம் அது. அது மிகுந்ததும் நரம்பு எதற்கெடுத்தாலும் துடிக்கலாயிற்று. குறைந்து போன சிற்றோலையை அந்த அணுக்களுக்குள் மறுபடி ஏற்றியபோது நரம்பு வலி தணிந்தது.

அதைவிட முக்கியமான சமாசாரம் ஒன்று உண்டு. அப்படித் தணிந்த எலிகளுக்குச் சாதாரண வலி, அதாவது உயிரைக் காக்கிற வலி, மாறாமல் இருந்தது! பித்துப் பிடித்த காவலனைத் தெளிய வைத்தார்கள்; வேலையை விட்டுத் துரத்தவில்லை. நமக்கு வேண்டியதும் இதுதானே?

2017-ம் வருஷம் ஸ்வீடன் தேசத்துக் கரோலின்ஸ்கா ஸ்தாபனத்தினர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். '183' என்ற எண்ணைத் தலைமையாகக் கொண்ட ஒரு சிற்றோலைக் கூட்டத்தைச் சுண்டெலிகளில் ஆராய்ந்தார்கள். நரம்பு வலியின்போது நிலைமாறுகிற ஜீன்களில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டவை இந்த ஒரு கூட்டத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை என்று கண்டார்கள். இந்தக் கூட்டம் அடக்குகிற புரதங்களுள், நரம்பில் கால்சியம் புகும் வாயிலைச் சேர்ந்த 'ஆல்ஃபா-2-டெல்டா' என்பது ஒன்று. நரம்பு எரிச்சலுக்கு இன்று டாக்டர்கள் எழுதித் தருகிற காபாபென்டின், பிரெகாபலின் என்ற மாத்திரைகள் பிடிப்பதும் அதே புரதத்தைத்தான். ஆக, மாத்திரை வெளியிலிருந்து செய்கிற வேலையை, உடம்பு தன் சிற்றோலைகளைக் கொண்டு உள்ளிருந்தே செய்து வந்திருக்கிறது!

போர்வை பட்டால் முள் குத்துவது ஏன் என்பதற்கும் அந்த ஆராய்ச்சி ஒரு விடை தருகிறது. மென்மையான தொடுகையைச் சொல்வதற்கென்றே தனி நரம்புகள் உண்டு. குழந்தையின் கன்னம் பட்டாலும் பட்டுத் துணி பட்டாலும் செய்தி சொல்பவை அவை. வலி என்பதே அவற்றுக்குத் தெரியாது. நரம்பு நோயில் அவையும் வலியின் பாஷையைப் பேசத் தொடங்கி விடுகின்றன. நம் ஆசிரியர் போர்வையைக் கண்டு பயந்தது வீண் பயமன்று.

இராயபுரத்திலிருந்து ஒரு கதை

இதெல்லாம் டோக்கியோவிலும் ஸ்டாக்ஹோமிலும் நடக்கிற காரியம், நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, அதுவும் மீஞ்சூருக்குப் பக்கத்திலேயே உண்டு.

எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்ப்பேட்டை என்று கடலோரமாய் ரயிலில் போனால் இராயபுரத்துப் பக்கம் போய்ச் சேரலாம். அங்கே, தேசம் விடுதலை பெற்ற மறு வருஷமான 1948-ல், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனியாக ஒரு சிகிச்சைப் பகுதியைத் தொடங்கினார் டாக்டர் எம். விசுவநாதன். இந்தியாவில் இத்துறைக்கு முன்னோடி என்று போற்றப்படுபவர் அவர். 1954-ம் வருஷம் இராயபுரத்திலேயே நீரிழிவுக்காகத் தனி ஆஸ்பத்திரி ஒன்றையும் நிறுவினார். துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் குமாஸ்தாக்களும் வாழ்கிற பேட்டையில், பணக்காரர் வியாதி என்று பெயரெடுத்திருந்த ஒரு நோய்க்கு ஆஸ்பத்திரி எழுந்தது! அந்த ஆஸ்பத்திரியினர், சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தாரோடு சேர்ந்து, உணர்ச்சி குன்றிய பாதத்துக்கு எந்தச் செருப்பு ஏற்றது என்று ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்பு அணிந்தவர்களுக்குப் புதிய புண்கள் குறைந்தன.

டாக்டர் விசுவநாதனுடைய குமாரர் டாக்டர் வி. மோகன் நிறுவியது சென்னை நீரிழிவு ஆராய்ச்சி ஸ்தாபனம். அதன் ஆராய்ச்சியாளர்கள் சென்னை நகரவாசிகளைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று, நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குக் கால் நரம்பு கெட்டிருப்பதாகக் கூறுகிறது. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான மற்றொரு கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். திண்ணையில் விழித்திருக்கிற மனிதர் நம் தெருவில் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

அதே ஸ்தாபனத்தார் 2011-ல் ஒரு சிற்றோலையைப் பற்றியும் எழுதினார்கள். அதன் எண் '146ஏ'. உடம்பிலே அழற்சி மிஞ்சிப் போகாமல் கட்டுப்படுத்துவது அதன் தொழில். நீரிழிவுக்காரர்களின் இரத்த அணுக்களில் அது குறைந்திருப்பதைச் சென்னை விஞ்ஞானிகள் கண்டார்கள். அங்கேயும் பெரியவர் வெளியூர் போயிருந்தார்! ஆறு வருஷங்களுக்குப் பின், 2017-ல், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஹென்றி ஃபோர்டு ஆஸ்பத்திரியினர் அதே 146ஏ சிற்றோலையைச் செயற்கையாகச் செய்து, நீரிழிவுள்ள சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். கால் நரம்புகளுக்கு இரத்த ஓட்டம் பெருகியது. நரம்பில் செய்தி ஓடும் வேகம் திரும்பியது. சூட்டை உணரும் சக்தியும் தேறியது.

சூட்டை உணரும் சக்தி! அந்த வரியைப் படித்தபோது நம் கண்முன் நின்றது வெந்நீர்ப் பாத்திரந்தான்.

மருந்து எப்போது வரும்?

இவ்வளவு தெரிந்தும் கடையில் சிற்றோலை மருந்து கிடைக்கவில்லையே, ஏன்? உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. இதுவரை சொன்னவற்றில், நோயைத் தணித்துக் காட்டியதெல்லாம் எலிகளிடத்தில்தான். மனிதருடைய நரம்பு வலிக்குச் சிற்றோலை மருந்து எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஒரே ஓலை பல பிரதிகளை அடக்கும் என்றோம் அல்லவா? நன்மையும் அதில்தான், அபாயமும் அதில்தான். புற்று நோய்க்காக ஒரு செயற்கைச் சிற்றோலையை மனிதரிடம் பரீட்சித்தபோது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கலகம் செய்து சிலருக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தது. 2016-ல் அந்தப் பரீட்சையை நிறுத்தி விட்டார்கள். அன்றியும், காலுக்கு அனுப்புகிற ஓலை ஈரலுக்கும் இருதயத்துக்கும் போகாமல் முதுகோர முடிச்சுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும். விலாசம் தவறாத தபால்காரனை இன்னும் தேடிக் கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. சிற்றோலைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க இன்னொரு வகைக் குட்டி ஆர்.என்.ஏ.யினால் செய்த பாடிசிரான் என்ற மருந்துக்கு 2018-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி வழங்கியது. அது பரம்பரையாய் வரும் அபூர்வமான ஒரு நரம்பு நோய்க்கான மருந்து. ஈரலில் உண்டாகிற ஒரு கெட்ட புரதத்தின் பிரதியை அது அழிக்கிறது. குட்டி ஆர்.என்.ஏ. மனிதருக்கு மருந்தாகும் என்பது இதனால் நிரூபணமாகி விட்டது. ஆகவே, நரம்பு வலியை ஒரே வாரத்தில் வேரோடு களைவதாக யாராவது விளம்பரம் செய்தால், நேயர்கள் பணப்பையைப் பத்திரப்படுத்திக் கொள்ள வேண்டும். மெய்யான மருந்து பையப் பையத்தான் வரும்.

அதுவரையில்

அதுவரையில் நாம் செய்யக்கூடியது என்ன? முதலில், காலில் எரிச்சல் என்று வீட்டில் யாராவது சொன்னால், நம்ப வேண்டும். நம்பிய பின் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். எல்லா எரிச்சலும் சர்க்கரையால் வருவதன்று. பி-12 என்னும் வைட்டமின் குறைவு, மதுப் பழக்கம், குஷ்டம் முதலிய பல காரணங்கள் உண்டு. மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தியும், அதிரும் இசைக்கவையை விரலில் வைத்தும் டாக்டர் சில நிமிஷங்களில் உணர்ச்சியைச் சோதித்து விடுவார். எரிச்சலைத் தணிக்க மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை அவர் சொல்லும் அளவில்தான் உட்கொள்ள வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை.

வெந்நீர் ஒற்றடமும் வெந்நீர்ப் பாத்திரமும் இத்தகைய காலுக்கு ஆகவே ஆகாது. குளிக்கும் நீரையும் முழங்கையினால் அல்லது வேறொருவர் கையினால் சோதித்த பிறகே காலில் ஊற்ற வேண்டும். வெறுங்காலோடு நடக்கலாகாது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல் அடுப்பைப் போல் காயும். ஆண்டவனை விடியற்காலையிலோ அந்தி சாய்ந்தோ தரிசித்தால் அவர் கோபிக்க மாட்டார். செருப்பை உதறிவிட்டு அணிய வேண்டும். கால் ஆணியைப் பிளேடு கொண்டு தாமே அறுக்கக் கூடாது. தினந்தோறும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற கீறலைக் கால் சொல்லாமல் போகலாம். ஆதலால் காலுக்காகக் கண்தான் காவல் இருக்க வேண்டும்.

நம் தமிழாசிரியர் வீட்டில் இப்போது இது ஒரு நியமமாகி விட்டது. இரவுச் சாப்பாடு ஆனதும் அவர் நாற்காலியில் அமர்கிறார். முன்பு வேடிக்கை பேசிய பேரப்பிள்ளை முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதத்தின் கீழே பிடித்துக் கொண்டு, விரல் விரலாய்ப் பார்த்துச் சொல்கிறான். எரிச்சல் முற்றும் போகவில்லை. மாத்திரையினால் பாதியாய்க் குறைந்து, பல இரவுகளில் தூங்குகிறார்.

சிற்றோலைக் கதையை நாம் சொல்லக் கேட்டுப் பெரிதும் மகிழ்ந்தார். "இருபத்திரண்டே எழுத்தா, தம்பி? குறளைவிடச் சிறிதாயிருக்கிறதே! அந்த மருந்து எப்போது வருமாம்?" என்று கேட்டார்.

"சொல்வதற்கில்லை, ஐயா. இன்னும் சில வருஷங்கள் ஆகலாம்" என்றோம்.

"வரட்டும், வரட்டும். எனக்கு இல்லாவிட்டாலும் இவனுக்கு ஆகுமே" என்று பேரனுடைய தலையைத் தடவினார். அவன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இடது கால் சுண்டுவிரல் பக்கம் ஒரு சிவப்பு இருக்கிறது, தாத்தா. நாளைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்" என்றான்.